குளிரில் வில்வேட்டை: கையும் காலும் விறைக்காமல் பரணில் உட்கார ஒரு முழுமையான வழிகாட்டி

துப்பாக்கியோடு போகிறவர் கை கொஞ்சம் விறைத்தாலும் எப்படியோ சமாளித்துவிடுவார். வில்லோடு போய், மரத்தில் கட்டிய பரணில் உட்காருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மான் இருபது முப்பது கஜத்துக்குள் வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். வந்த பிறகு, மணிக்கணக்கில் சும்மா கிடந்த தோளையும் விரலையும் கொண்டு சத்தமில்லாமல் நாணை இழுக்க வேண்டும். கால் குளிர்ந்தால் ஆள் நெளிவார், மான் ஓடிவிடும். கை குளிர்ந்தால் அம்பு பிசகும், மான் காயத்தோடு ஓடும். இரண்டாவதுதான் மோசம்.

புதிதாக வருகிறவர்கள் சிலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். நல்ல பூட்ஸ், தடித்த கையுறை, கனத்த கோட்டு எல்லாம் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில். எதை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். அதனால் பருவம் தொடங்கும் முன்பிருந்து, வீடு திரும்பி பூட்ஸைக் காயவைப்பது வரை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு விஷயம்: ரத்தம் ஏன் விரலை விட்டுப் போகிறது

உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்ததும், இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். சூடு ரத்தத்தோடு வருவது. ரத்தம் குறைந்த பிறகு எவ்வளவு தடித்த சாக்ஸ் போட்டாலும் அதற்குள் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. ஃபிளாஸ்க்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றி வைத்த கதைதான்.

ஆகவே கால் குளிர்கிறது என்றால் முதலில் நெஞ்சையும் கழுத்தையும் பாருங்கள். தலை வழியாக உடம்புச் சூட்டில் பாதி போய்விடும் என்று சொல்வது மிகை. தலையின் பரப்பு மொத்த உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் தலையிலும் கழுத்திலும் உள்ள ரத்தக் குழாய்கள் விரல்களில் உள்ளவை போலக் குளிருக்குச் சுருங்குவதில்லை. திறந்து போட்டால் சூடு போய்க்கொண்டே இருக்கும். ஒரு கழுத்துத் துணியும் குல்லாவும் செய்யும் வேலையை இன்னொரு ஜோடி சாக்ஸ் செய்யாது.

இன்னொன்று: விரல்களை அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கிறது. விரலுக்குள் ஓடுவது அந்தத் தசைகளை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற தசைநாண்கள்தான். முன்கை குளிர்ந்தால் விரல் மந்தமாகும். கையுறையை மட்டும் பார்த்து மணிக்கட்டைத் திறந்து போடுகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை.

2. பருவத்துக்கு முன்: பூட்ஸின் அளவு

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு இது. வழக்கமான அளவில் பூட்ஸ் வாங்குவார்கள், குளிருகிறது என்று இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் போடுவார்கள், பாதம் உள்ளே நெருக்கிக்கொள்ளும். ஒரு பையன் மூன்று ஜோடி போட்டு வந்தான். ஒரு ஜோடி போட்டிருந்த நான் உட்கார்ந்திருக்க, அவன் கால் மரத்துப் போய் இறங்கினான்.

காரணம் எளிது. சூட்டைப் பிடித்து வைப்பது துணியல்ல, துணிக்குள் சிக்கிய காற்று. நெருக்கினால் காற்று வெளியே போய்விடும். ரத்த ஓட்டமும் தடைபடும். குளிருக்கான பூட்ஸை, வேட்டைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுப் பார்த்து, அரை அளவோ ஒரு அளவோ பெரிதாக வாங்குங்கள். கயிற்றைக் கட்டிய பிறகும் உள்ளே கால்விரல்கள் எல்லாவற்றையும் தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த பூட்ஸ் நடைக்குத்தான் ஆகும், உட்காருவதற்கு ஆகாது.

பூட்ஸில் 400, 800, 1200 கிராம் என்று எழுதியிருப்பது பூட்ஸின் எடை அல்ல. உள்ளே இருக்கும் வெப்பக்காப்புப் பொருள் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. நிறைய நடப்பவருக்கு 400 போதும். அசையாமல் உட்காருகிறவருக்கு 800க்கு மேல் வேண்டும். ஆனால் 1200 கிராம் பூட்ஸோடு ஒரு மைல் நடந்தால் கால் வியர்த்துக் குளித்துவிடும். என் தீர்வு: நடுத்தர பூட்ஸோடு நடந்து போய், பரணில் உட்கார்ந்ததும் அதன் மேல் பெரிய மேலுறையை மாட்டுவது. பூட்ஸின் மேல் போடும் இந்தப் பஞ்சு உறைகள் கனமில்லாதவை, மடித்துப் பையில் வைக்கலாம். ரப்பர் பூட்ஸ் போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ரப்பர் ஈரத்தை வெளியே விடாது.

3. கையில் இருக்க வேண்டியவை

மெரினோ கம்பளியிலோ செயற்கை இழையிலோ உள்ளாடை. மெல்லிய உள் சாக்ஸ் இரண்டு ஜோடி, தடித்த கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. விரலோடு ஒட்டும் மெல்லிய கையுறை ஒன்று, மரம் ஏறுவதற்குப் பிடிமானமுள்ள கையுறை இன்னொன்று. இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் மஃப். சூடு தரும் வார்மர் பொட்டலங்கள். காலடியில் போட ஒரு துண்டு ஃபோம் தட்டு, உட்கார இன்னொரு துண்டு. கனத்த கோட்டையும் இதையெல்லாமும் சுமக்க ஒரு பெரிய பை.

பருத்தி மட்டும் வேண்டாம். பனியனாக இருந்தாலும் சரி, சாக்ஸாக இருந்தாலும் சரி. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும், லேசில் காயாது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

4. முந்தின இரவும் வண்டிப் பயணமும்

பூட்ஸை வண்டியிலோ வெளித் திண்ணையிலோ விடாதீர்கள். வீட்டுக்குள் இரவு முழுக்க இருக்கட்டும். குளிர்ந்த பூட்ஸைக் காலில் போட்டால் அதைச் சூடாக்குவதே உங்கள் பாதத்தின் முதல் வேலையாகிவிடும்.

கால் அதிகம் வியர்க்கிறவர்கள் இரவே பாதத்தில் வியர்வை அடக்கும் மருந்தைத் தடவிக்கொள்ளலாம். வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் அவசரமாகத் தடவினால் வேலை செய்யாது. தோல் காய்ந்திருக்கும்போது, தூங்கும் முன் தடவ வேண்டும்.

வண்டியில் போகும்போது வேட்டை பூட்ஸ் வேண்டாம், கோட்டும் வேண்டாம். சாதாரணச் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஹீட்டரை முழுக்க வைத்துக்கொண்டு, முழு உடுப்போடு அரை மணி நேரம் ஓட்டி வருகிறவர், வண்டியை விட்டு இறங்கும்போதே ஈரமாக இறங்குகிறார். அவருக்கே தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

5. வண்டியிலிருந்து பரண் வரை: குளிர்ந்தே நடங்கள்

இந்த முழு வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் சுமார் 100 வாட் சூட்டை உண்டாக்குகிறார், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. அதே ஆள் பையையும் வில்லையும் தூக்கிக்கொண்டு மேடேறினால் அது ஐந்தாறு மடங்காகிவிடும். உட்காருவதற்கான உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் வியர்வையாக மாறும். உட்கார்ந்ததும் அடுப்பு அணைந்துவிடும், ஈரம் மட்டும் மிஞ்சும்.

எனவே வண்டியை விட்டுப் புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிராமல் வசதியாக இருந்தால் ஒரு அடுக்கு அதிகம் என்று அர்த்தம். உள்ளாடையும் ஒரு மெல்லிய மேற்சட்டையும் போதும். கோட்டு, கனத்த கால்சட்டை, தடித்த குல்லா எல்லாம் பையில். சாக்ஸ் மெல்லியது ஒன்று மட்டும், பூட்ஸ் கயிறு தளர்வாக.

நடை மெதுவாக இருக்கட்டும். பதினைந்து நிமிட நடைக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். இதற்காக அலாரத்தைக் கொஞ்சம் முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தாமதமாகக் கிளம்பி விடியலுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று வேகமாக நடப்பதுதான் கால் விறைப்பதற்கு முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். பூட்ஸைக் குறை சொல்பவர்கள் யாரும் அலாரத்தைக் குறை சொல்வதில்லை. நடுவில் கழுத்தில் கைவைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு தெரிந்தால் குல்லாவைக் கழற்றி, சட்டையின் ஜிப்பைத் திறந்து, நின்றுவிடுங்கள்.

6. மரத்தடியில் பத்து நிமிடம்

பரணுக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும் உடனே கோட்டைப் போடாதீர்கள், உடனே ஏறவும் வேண்டாம். ஐந்து நிமிடம் நின்று, நடந்து வந்த சூடு அடங்கட்டும். அப்புறம் வரிசை இப்படி:

முதலில் ஃபோம் தட்டைத் தரையில் போட்டு அதில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுங்கள். நடந்து வந்த சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, காய்ந்த மெல்லிய சாக்ஸும் அதன் மேல் கம்பளி சாக்ஸும் போடுங்கள். இருட்டில், குளிரில் இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது. ஒரே ஒரு நாள் செய்து பாருங்கள், பிறகு விடமாட்டீர்கள். நீங்கள் உட்காருவது தரையிலுள்ள கூடாரம் என்றால் உள்ளே போய் வசதியாக மாற்றிக்கொள்ளலாம். பரணில் ஏறிய பிறகு பூட்ஸைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டாம்; சத்தம், ஆபத்து இரண்டும் உண்டு.

அடுத்து கோட்டு, கழுத்துத் துணி. கடைசியில் ஹார்னஸ், அதாவது விழாமல் மரத்தோடு பிடித்து வைக்கும் பட்டைக் கச்சை. ஹார்னஸை உள்ளே போட்டு மேலே கோட்டுப் போடுவதானால், மரத்தோடு கட்டும் பட்டை வெளியே வர கோட்டின் முதுகில் திறப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டின் மேலேயே ஹார்னஸைக் கட்டுங்கள். தொடைப் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடாமல் பாருங்கள். அதே சமயம் தொளதொளவென்றும் விடக்கூடாது.

ஏறும்போது பிடிமானமுள்ள கையுறை. வெறுங்கையால் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினால் மேலே போவதற்குள் விரலில் சூடு பாதி போயிருக்கும். தரையிலிருந்தே பாதுகாப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். வில்லைக் கையில் கொண்டு ஏற வேண்டாம். கயிற்றில் கட்டி வைத்துவிட்டு, மேலே போய் உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ளுங்கள்.

7. மேலே: காலடியைப் பரணின் தளத்திலிருந்து பிரித்து வையுங்கள்

பரணின் தளம் பெரும்பாலும் உலோக வலை. கீழே காற்று ஓடும், மேலே பூட்ஸின் அடிப்பாகம் அமுங்கி இருக்கும். பாதத்தின் சூட்டை உலோகம் நேரடியாக உறிஞ்சும். ஒரு விரல் தடிமன் ஃபோம் தட்டையோ பழைய கம்பளத் துண்டையோ காலடியில் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். சத்தமும் அடங்கும். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் மின்சார சாக்ஸ் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பூட்ஸ் கயிற்றை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, மேலுறையை மாட்டுங்கள்.

8. வார்மர் பொட்டலங்கள்: எங்கே, எப்போது

இந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துருவேறலில் பிறப்பதுதான் சூடு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். காற்று இல்லாவிட்டால் சூடு இல்லை.

கைக்கான பொட்டலத்தை பூட்ஸுக்குள் திணித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள். பூட்ஸுக்குள் காற்று குறைவு. அந்தச் சூழலுக்கென்றே செய்த, ஒட்டும் வகைக் கால் பொட்டலங்கள் உண்டு, அவற்றை வாங்குங்கள். பிரித்து இருபது நிமிடம் காற்றாட வைத்த பிறகு, மரத்தடியில் சாக்ஸ் மாற்றும்போதே, விரல்களுக்கு மேற்பக்கம், சாக்ஸின் வெளியே ஒட்டுங்கள். அடிப்பக்கம் ஒட்டினால் பாரத்தில் நசுங்கி, காற்றும் போகாது, நெருக்கவும் செய்யும். ஏற்கெனவே நெருக்கமான பூட்ஸில் இதை வைக்கவே வேண்டாம்.

கைகளுக்கு: உள்ளங்கையில் ஒன்று வைப்பது வழக்கம். நான் மணிக்கட்டின் உட்பக்கம், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் வைக்கிறேன். ரத்தக் குழாய்கள் அங்கே தோலுக்கு அருகில் ஓடுகின்றன, விரலுக்குப் போகும் ரத்தம் சூடாகவே போகும். உங்களிடம் இரண்டே பொட்டலம்தான் மிச்சம் என்றால் ஒன்றை மஃபுக்குள்ளும் ஒன்றைக் கழுத்தின் பின்புறத்திலும் வையுங்கள்.

எங்கே வைத்தாலும் நடுவில் ஒரு துணி இருக்கட்டும். மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பாதி வேலை செய்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடிவிட்டால், துருவேறல் நின்று மறுநாளைக்கும் உதவும்.

மின்கலத்தில் ஓடும் கையுறையோ உள்சட்டையோ வைத்திருக்கிறவர்கள், குளிர ஆரம்பிக்கும் முன்பே குறைந்த அளவில் போட்டுவிடுங்கள். விறைத்த பிறகு முழு அளவில் போட்டால் மின்கலம்தான் சீக்கிரம் தீரும். குளிரில் மின்கலம் ஏற்கெனவே பலம் குறைந்துதான் இருக்கும்.

மூடிய கூடாரத்துக்குள் எரிவாயு ஹீட்டர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்றோட்டம் இல்லாமல் அதைக் கொளுத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

9. கையும் வில்லும்

விரல் தோலின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்கும். 8 டிகிரி பக்கம் போனால் தொடுவதே தெரியாது. ரிலீஸ் என்பது நாணைப் பிடித்திருந்து விடுவிக்கும் சிறு கருவி; அதன் டிரிகரை அழுத்துவது அந்த மாதிரி நுணுக்கமான வேலை.

தடித்த கையுறை இதற்குப் பதில் அல்ல. தடித்த விரலுக்கு டிரிகர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது; நாணை முழுதாக இழுக்கும் முன்பே அம்பு பறந்துவிடும். வில் பிடிக்கும் கையில் தடித்த உறை இருந்தால் பிடி முறுகி, அம்பு இடமோ வலமோ போகும். எனவே மெல்லிய கையுறையோடு இரு கைகளும் மஃபுக்குள் இருப்பதுதான் நல்ல ஏற்பாடு. மான் தெரிந்ததும் ஒரே அசைவில் கையை வெளியே எடுக்கலாம், எதையும் கழற்ற வேண்டியதில்லை.

வில்லைக் கையில் வைத்துக்கொண்டே உட்காராதீர்கள். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லின் நடுச்சட்டம் பெரும்பாலும் அலுமினியம். குளிரில் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பக்கத்துக் கொக்கியில் தொங்கவிடுங்கள். பிடியில் மென்பட்டை சுற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரே ஒரு சுற்று. அதிகம் சுற்றினால் பிடி மாறி, கோடை முழுக்கப் பழகியது வீணாகும்.

மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் வைத்திருப்பவர்கள் பட்டையை இறுக்கிக்கொண்டே மூன்று மணி நேரம் உட்காருவது தவறு. அது விரலுக்கு வரும் ரத்தத்தை நெரிக்கும். தளர்வாக வையுங்கள், எழுந்து நிற்கும்போது இறுக்குங்கள். கையில் பிடிக்கும் வகை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. மஃபுக்குள் கையோடு சூடாக இருக்கும். கப்பியில்லாத ரிகர்வ் வில்லின் நாணை விரலாலேயே இழுப்பவர்கள், மெல்லிய கையுறையின் மேல் விரலைக் காக்கும் தோல் துண்டான டாபைப் போட்டுக்கொண்டு எய்து பழக வேண்டும். விரல் மரத்திருந்தால் நாண் ஒழுங்காக விடுபடாது.

பெரிய கோட்டின் கைப்பகுதி நாணில் உரசுவது இன்னொரு தொல்லை. எனக்கே நடந்தது. இருபது கஜத்தில் நின்ற மானுக்கு விட்ட அம்பு அதன் முதுகுக்கு ஒரு முழம் மேலே போனது. நாண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருந்தது. முன்கையைச் சுற்றி ஒரு கைக்காப்பைக் கட்டுங்கள். துணி அமுங்கும், மணிக்கட்டுக்குள் காற்று புகுவதும் நிற்கும்.

குளிர்ந்த தசைக்கு அறுபது பவுண்டு இழுவிசையுள்ள வில் எழுபது மாதிரி இருக்கும். வீட்டில் சுலபமாக இழுப்பதை மரத்தில் இழுக்க முடியாமல் வில்லை வானத்துக்குத் தூக்கி மல்லாடினால் மான் பார்த்துவிடும். பருவத்துக்கு முன்பே இழுவிசையைச் சில பவுண்டுகள் குறையுங்கள். வில்லின் இரு கைகளையும் நடுச்சட்டத்தோடு பிணைக்கும் இரண்டு லிம்ப் போல்ட்டுகளையும் சமமாகத் தளர்த்தி, குறிபார்க்கும் கம்பிகளைப் புதிதாக எய்து சரிபார்க்க வேண்டும். உட்கார்ந்தபடி, வில்லை மேலே தூக்காமல், மெதுவாக இழுக்க முடிந்தால் அளவு சரி.

இதையெல்லாம் முழு உடுப்போடு எய்து பழகாமல் காட்டுக்குப் போகாதீர்கள். முகமூடித் துணியும் கையுறையும் சேர்ந்தால் நாண் முகத்தில் வந்து நிற்கும் இடமே மாறிவிடும். அதை மைதானத்தில் கண்டுபிடிப்பது நல்லது.

10. அசையாமல் அசைவது

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி விரியுங்கள். தொடையையும் கெண்டைக்காலையும் பத்து எண்ணும்வரை இறுக்கி விடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தசை வேலை செய்தால் சூடு பிறக்கும். தோளுக்கும் இதையே செய்யுங்கள். நாணை இழுக்கும்போது உதவும். காலை விறைக்கும் முன் ஆட்ட வேண்டும். விறைத்த பிறகு ஆட்டினால் மீள அரை மணி நேரம் ஆகும்.

ஏதாவது தின்றுகொண்டே இருங்கள், கொழுப்புள்ளதாக, சத்தமில்லாத உறையில். தண்ணீரும் குடியுங்கள். சிறுநீர் தொல்லைக்குப் பயந்து குடிக்காமல் வருகிறவர்களுக்குக் கை சீக்கிரம் குளிர்கிறது. சிகரெட் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மது நேரெதிர்: தோலில் ரத்தம் பாய்ந்து சூடாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே சூடு போய்க்கொண்டிருக்கும். மரத்தின் மேல் இருப்பவருக்கு அது வேறு வகையிலும் ஆபத்து.

11. எப்போது இறங்க வேண்டும்

விரல் வலிப்பது எச்சரிக்கை. வலி நின்று, ஒன்றும் தெரியாமல் போவதுதான் ஆபத்து. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால், ஏணியைப் பிடிக்கும் பலம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். இன்னும் ஒரு பத்து நிமிடம் என்று இருந்துவிட்டு, பிடிக்கத் தெரியாத கையோடு இறங்குவது வேண்டாம்.

தோல் வெளுத்து, மெழுகு மாதிரி கடினமாகத் தெரிந்தால் பனிக்கடி. தேய்க்காதீர்கள், நெருப்பருகே காட்டாதீர்கள். சூடான இடத்துக்குப் போன பிறகு 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரைப் பாருங்கள். வழியில் மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் இளக்காமல் இருப்பதே மேல். பேச்சு குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் திடீரென்று நின்றுவிட்டாலோ அது விரலைத் தாண்டிய விவகாரம்; உடனே உதவிக்கு அழையுங்கள். சாதாரணக் குளிருக்கே விரல்கள் வெளுத்து நீலம் பாய்கிறவர்கள் பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

12. வீடு வந்ததும்

பூட்ஸின் உள்தட்டையும், கழற்ற முடிந்தால் உள்ளுறையையும் வெளியே எடுத்துத் தனியாகக் காயவையுங்கள். ஈரமே இல்லை என்று தோன்றினாலும் இருக்கும். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ மிக அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதும். மறுநாள் காலையும் போவதாக இருந்தால் தூங்கும் முன் உள்ளே கைவிட்டு நுனிவரை தடவிப் பாருங்கள். ஈரம் முதலில் தங்குவது அங்கேதான்.